குடல் புண்ணும் நல்ல கிருமியும்



சாமியையும் சாஸ்திரத்தையும் பற்றிப் பேசுகிற மேடையில் வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேச்சென்ன என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். மாதக்கணக்கில் இரத்தமும் சளியுமாகக் கழிந்து, எலும்புந்தோலுமாய்ப் போன ஒருவனுடைய வீட்டில் நடப்பதைப் பார்த்தால் அப்படிக் கேட்கமாட்டார்கள். அங்கே பல சமயங்களில் முதலில் வருகிறவன் டாக்டரல்ல, மந்திரவாதி. "யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள்" என்கிறான். யாரோ என்றால் யார்? பெரும்பாலும் அந்த வீட்டுக்கு வாழவந்த மருமகள்தான். நோய் ஒருவனுக்கு, பழி ஒரு பெண்ணுக்கு, பணம் மருந்தெடுக்கிறவனுக்கு!

உண்மையில் இந்த வியாதிக்கு யாரும் எதையும் சோற்றில் வைக்கவேண்டியதில்லை. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே தப்பு வழியில் திரும்பிக் குடலைப் புண்ணாக்குகிறது. பெருங்குடலின் உள்தோலில் மட்டும் வருவது ஒரு வகை. அதைப் பெருங்குடல் புண் நோய் என்போம். குடலின் எந்தப் பாகத்திலும் ஆழமாக இறங்குவது குரோன் நோய் என்னும் மற்றொரு வகை. இரண்டும் ஒட்டுவாரொட்டியல்ல. இரத்தமாய்ப் போவதெல்லாம் இதுதான் என்றும் எண்ணிவிடக்கூடாது. சீதபேதியும், குடலில் பிடிக்கும் க்ஷயமும் இதைப் போலவே தோன்றுமாதலால், சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அடியோடு ஒழிக்கும் மருந்து இதற்கு இல்லை. அடக்கிவைக்கும் மருந்து உண்டு.

அந்த மருந்துகளில் பழையதொன்றின் கதை கேட்கத்தக்கது. சல்பசலசீன் என்னும் அம்மாத்திரையைக் கொண்டுவந்தவர் சுவீடன் தேசத்து நன்னா ஸ்வார்ட்ஸ் என்கின்ற அம்மையார். 1937-இல் அந்நாட்டரசாங்கம் நியமித்த முதல் பெண் பேராசிரியர் அவர்தான். (பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்கின்ற நம் பெரியவர்கள் இதைக் கவனிப்பார்களாக.) அந்த மாத்திரை பெரும்பகுதி முழுதாகவே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே வாழும் கிருமிகள் அதை இரண்டாக உடைக்கின்றன. உடைந்ததில் எந்தப் பாதி புண்ணை ஆற்றுகிறதென்பதை 1977-இல் ஆக்ஸ்போர்டில் ஆசாத் கான், ட்ரூலவ் முதலிய டாக்டர்கள் சோதித்துக் காட்டினார்கள். அந்தப் பாதிதான் மெசலமின் என்ற பெயரில் தனி மருந்தாக விற்கிறது. ஆகவே கிருமி என்றாலே சத்துரு என்று நினைப்பது சரியல்ல. மருந்துக்குக் கை கொடுப்பதே சில சமயம் கிருமிதான்.

அப்படியானால் நல்ல கிருமியையே மருந்தாகக் கொடுத்தாலென்ன? ஜெர்மனியில் நிஸ்லே என்கின்ற டாக்டர், முதல் உலக யுத்தத்தில் கூட இருந்தவர்களுக்கெல்லாம் பேதி கண்டும் தனக்கு மட்டும் வராத ஒரு சிப்பாயின் மலத்திலிருந்து 1917-இல் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார்.

இதைச் சொன்னவுடனே நமது வைதீகர் ஒருவர் எழுந்து, "பார்த்தீர்களா! பஞ்சகவ்வியத்தின் ரகசியம் எங்கள் ரிஷிகளுக்கு அப்போதே தெரியும்" என்பார். ஐயா, சாணியைக் கரைத்து வாயில் ஊற்றினதல்ல நிஸ்லே செய்தது. ஒரே ஒரு கிருமியைப் பிரித்தார், சுத்தமாக வளர்த்தார். பின்வந்தவர்கள் அதையும் நம்பிவிடாமல் மெசலமினோடு போட்டியிட வைத்தார்கள். 2004-இல் வெளியான பரீட்சையில், பெருங்குடல் புண் தணிந்திருந்த 327 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்து ஒரு வருஷம் பார்த்தார்கள். நோய் திரும்பியது கிருமி தின்றவர்களில் 100-க்கு 36 பேருக்கு. மெசலமின் தின்றவர்களில் 34 பேருக்கு. ஏறக்குறைய சமம். பஞ்சகவ்வியக்காரர் இப்படி ஒரு கணக்கைக் கொண்டுவரட்டும். நாமே முன்நின்று வாங்கிக் குடிக்கிறோம்.

வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை 2010-இல் வெளியான இத்தாலியப் பரீட்சை காட்டிற்று. எட்டு ஜாதிக் கிருமி கலந்த பொட்டலத்தை (கிருமியில் ஜாதி இருந்தால் நமக்கு ஆட்சேபணையில்லை) 144 பேரில் பாதிப் பேருக்கும், கிருமியில்லாத வெறும் பொட்டலத்தை மீதிப் பேருக்கும் 8 வாரம் கொடுத்தார்கள். யாருடைய பழைய மருந்தையும் நிறுத்தவில்லை. நோயின் கடுமை பாதிக்குப் பாதி குறைந்தது கிருமிக் கூட்டத்தில் 100-க்கு 63 பேருக்கு, மற்றதில் 41 பேருக்கு. நல்ல லாபம்தான். ஆனால் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தபோது இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. இதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

எனவேதான் அமெரிக்கக் குடல் வைத்தியர் சங்கம் 2020-இல், இந்நோய்களுக்கு இன்னும் ருசு போதாது, பரீட்சையில் சேருகிறவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம் என்று சொல்லிற்று. குரோன் நோய்க்குத் தெளிவான பலன் தெரியவில்லை. ஒரு கிருமி செய்ததை மற்றொன்றும் செய்யுமென்பதில்லை. ஆகையால் நம் வீட்டுத் தயிர் நல்ல ஆகாரமே தவிர, இந்த மருந்தல்ல.

"மாத்திரையை விட்டெறியுங்கள், இந்தப் பொடி போதும், இயற்கையானது" என்று விற்கிறவனுக்கும் மந்திரவாதிக்கும் நாம் பேதம் காணவில்லை. அவனை நம்பி மருந்தை நிறுத்தியவன் மறுபடி இரத்தத்தில் விழுந்து, கடைசியில் குடலையே அறுத்தெடுக்கும் நிலைக்கும் போகலாம். ஸ்டிராய்டு முதலிய மருந்துகளால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு, உயிருள்ள கிருமி இரத்தத்தில் கலந்து கெடுதி செய்வதும் அபூர்வமாக உண்டு. ஆதலால் பொட்டலம் வாங்கினவர்கள் அதை டாக்டரிடம் காட்டி, உள்ளே இருக்கும் கிருமியின் பெயரென்ன, அது யாருக்குக் கொடுத்துச் சோதிக்கப்பட்டது, நமக்கு ஆகுமா என்று கேளுங்கள். பதில் வருகிறவரையில் பழைய மாத்திரை ஒருவேளைகூடத் தவற வேண்டாம்.