சேந்தமங்கலத்து யூத ஆலயம்



கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் சேந்தமங்கலம் என்றொரு ஊர் உண்டு. அங்கே கோயில், மசூதி, மாதா கோயில், யூதர்களின் ஜெப ஆலயம் நான்கும் அருகருகே உள்ளன. கொச்சி அரசரின் அமைச்சர்களான பாலியத்து அச்சன்மார் யூதர்களை ஆதரித்தார்கள்.

ஆலயத்தின் முன்னே ஒரு கல்லறைக் கல் நிற்கிறது. சாரா என்ற பெண்ணின் கல் அது. எழுத்து எபிரேயம். ஆண்டு 1269.

உள்ளே பாருங்கள். மேலே ஓட்டுக் கூரை. அதன் கீழே மரப்பலகையில் செதுக்கிய தாமரைப் பூக்கள். நடுவில் வேதம் வாசிக்கும் மேடை. மாடியிலும் ஒரு மேடை உண்டு. இப்படி இரண்டு மேடைகள் இருப்பது கேரள யூத ஆலயங்களின் தனிச் சிறப்பு. பெண்கள் மாடியில் அமர்ந்து வழிபட்டார்கள். வேதச் சுருள் வைக்கும் பெட்டகம் மேற்கே இருக்கிறது. ஏன்? அவர்களின் புனித நகரமான எருசலேம் மேற்கில் இருக்கிறது.

1948-இல் இஸ்ரேல் நாடு உருவானது. 1950-களில் யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடிபோனார்கள். தொழ ஆள் இல்லை. ஆலயம் பாழடைந்தது. பிறகு கேரளத் தொல்பொருள் துறை அதைப் பழுது பார்த்தது. 2006 முதல் அது காட்சியகம். எல்லா மதத்தாரும் வந்து பார்க்கிறார்கள்.

உங்கள் ஊரிலும் பழைய கல்வெட்டு இருக்கலாம். அதன்மேல் சுண்ணாம்பு பூச விடாதீர்கள். எழுத்து மறைந்தால் வரலாறும் மறைந்துவிடும்.