கிருபையின் பந்தி

(கல்விச் சங்க வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)



"கிருபையும் அன்றாடக் கிறிஸ்தவ வாழ்வும்" என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. தலைப்பு அறிவிக்கப்பட்டவுடன், இது ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின் மறுபதிப்பு என்று எண்ணி, பின்வரிசை இளைஞர் சிலர் வாயிற்பக்கம் நோக்கியதைக் கண்டேன். அவர்கள் தயவுசெய்து அமரவேண்டும். நான் பேச இருப்பது சோற்றுப் பந்தியைப் பற்றியும், சங்கக் காணிக்கைப் பாக்கியைப் பற்றியும், நம் கல்வி உதவி விண்ணப்பத்தில் உள்ள ஒரே ஒரு வரியைப் பற்றியும் ஆகும்.

கிருபை என்ற சொல் நம் மக்களுக்கு ஆலயத்தில் மட்டும் அறிமுகமான சொல் அன்று. "ஐயா கிருபை", "எசமான் தயவு" என்று களத்துமேட்டில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நம் பாட்டன்மார் சொன்னதும் அதுவே. அந்தக் கிருபைக்கு விலை உண்டு. பஞ்சத்தில் ஒரு மரக்கால் நெல் அளந்தவன், அறுவடையில் கூலியில்லாத உழைப்பைக் கேட்பான். கலியாணத்திற்குப் பணம் கொடுத்தவன், பிறக்கப்போகும் பிள்ளையையும் சேர்த்துப் பண்ணையாளாக எழுதிக்கொள்வான். கொடுத்தவனை வாழ்நாளெல்லாம் பெரியவனாகவும், வாங்கியவனை வாழ்நாளெல்லாம் சிறியவனாகவும் நிறுத்திவைப்பதே அந்தக் கிருபையின் தொழில். ஆகவே ஆலயத்தில் அதே சொல்லைக் கேட்கும்பொழுது நம் பெரியோர் எந்தப் பொருளில் அதைக் கேட்டிருப்பார்கள் என்று நான் பலகாலம் எண்ணியதுண்டு.

புதிய ஏற்பாட்டில் கிருபை என்று நாம் வாசிக்குமிடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் காரிஸ் என்பது. அதுவும் களத்துமேட்டுச் சொல்தான். உரோமப் பேரரசில் செல்வர் தம்மை அண்டியவர்க்குச் செய்த உதவிக்கும், அவர்கள் திருப்பிக் காட்டவேண்டிய நன்றிக்கும் அச்சொல்லே வழங்கியது. பவுலின் காலத்தில் வாழ்ந்த செனக்கா என்னும் அறிஞர் கொடையைப் பற்றித் தனி நூலே எழுதினார். தக்கவனைத் தேர்ந்து கொடுக்கவேண்டும் என்பது அக்கால அறிவாளிகளின் பொதுக் கருத்து. ஆங்கிலேய வேத அறிஞர் ஜான் பார்க்ளே 2015ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூலில், பவுல் எங்கே வேறுபடுகிறார் என்பதை விரிவாக ஆராய்கிறார். வாங்குபவனின் தகுதியைப் பாராமலே கொடுக்கப்பட்ட கொடை கிறிஸ்து என்பதுதான் பவுலின் புதுமை என்கிறார் அவர். பிறப்பு, குலம், கல்வி, ஒழுக்கம் ஆகிய எதுவும் அங்கே அளவுகோல் ஆகவில்லை. அளவுகோல் முறிந்தவுடன், அதைக்கொண்டு மனிதரை வரிசைப்படுத்திய பந்தியும் முறியவேண்டும் அல்லவா? பவுலின் சபைகளில் சண்டை மூண்டது இந்தப் பந்தியில்தான்.

கொரிந்து நகரத்தை எடுத்துக்கொள்வோம். பழைய கொரிந்து கி.மு. 146இல் உரோமரால் அழிக்கப்பட்டது. கி.மு. 44இல் யூலியஸ் சீசர் அதை மீண்டும் குடியேற்ற நகரமாக நிறுவியபொழுது, அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டவருள் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். கீழிருந்து மேலே ஏறியவர்களின் ஊர் அது. ஏறியவர்கள் தமக்குப் பின்னால் ஏணியை இழுத்துக்கொள்வது எல்லாக் காலத்திலும் நடப்பதே. அந்நகரச் சபைக்குத் தனி ஆலயம் இல்லை. வசதியுள்ள ஒருவர் வீட்டில் கூடினர். அக்கால வீட்டு உணவறையில் ஏறக்குறைய ஒன்பது பேர் சாய்ந்து உண்ண இடம் இருக்கும். மற்றவர் முற்றத்தில் நிற்கவோ உட்காரவோ வேண்டும். வேலை முடிந்து தாமதமாக வந்த அடிமைகளுக்கும் கூலிகளுக்கும் முற்றமே கிடைத்திருக்கும் என்றும், உள்ளே இருந்தவர்கள் உண்டு குடித்து முடித்திருப்பார்கள் என்றும் ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். ஒருவன் பசியோடு இருக்க மற்றவன் வெறித்திருந்தான் என்று பவுல் முதல் நிருபம் 11ஆம் அதிகாரத்தில் கடிந்துகொள்வது இதைத்தான். அப்படிப்பட்ட கூட்டத்தில் அப்பம் பிட்கப்பட்டாலும் அது ஆண்டவருடைய பந்தி ஆகாது என்று அவர் தீர்த்துவிடுகிறார். திருவிருந்துக்கு முன் ஒவ்வொருவனும் தன்னைச் சோதித்தறியவேண்டும் என்று நாம் கேட்கும் வசனம் இந்த இடத்திலே வருகிறது. முந்திய இரவு செய்த பாவங்களை எண்ணிப்பார்க்கும் வசனமாக மட்டும் நாம் அதைச் சுருக்கிவிட்டோம். பக்கத்தில் பசித்திருப்பவன் யார் என்று பார்க்கச் சொன்ன வசனம் அது.

அதே கொரிந்திலிருந்து உரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தை நம் இளைஞர் பொறுமையாக வாசிக்கவேண்டும். வெறும் பெயர்ப்பட்டியல் என்று பலர் தாண்டிவிடுகிற பகுதி அது. பட்டணத்துப் பொருளாளனாகிய ஏரஸ்துவின் வாழ்த்தும், குவர்த்து என்ற சகோதரனின் வாழ்த்தும் அங்கே ஒரே வசனத்தில் வருகின்றன. குவர்த்து என்றால் நான்காமவன். நிருபத்தை எழுதிக்கொடுத்த தெர்தியு என்பவரின் பெயருக்கு மூன்றாமவன் என்று பொருள். இப்படி எண்ணைப் பெயராக இடுவது அடிமைகளிடையே மிகுதியாகக் காணப்பட்ட வழக்கம். நல்ல பெயர் வைத்துக்கொள்ளவும் உரிமை மறுக்கப்பட்ட முன்னோரின் வழிவந்த நமக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. நகரத்தின் கணக்கை ஆண்டவனும் எண்ணால் அழைக்கப்பட்டவனும் ஒரே வரியில் நிற்கிறார்கள். நான்காமவனுக்குச் "சகோதரன்" என்பதே பட்டம்.

அந்தியோகியாவில் நடந்ததையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். புறவினத்தாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாக எதிர்த்தார். அப்போஸ்தலனே ஆனாலும், பந்தியை விட்டு எழுந்தால் சுவிசேஷத்தையே விட்டு எழுந்ததாகும் என்பது பவுலின் வழக்கு.

நம் நாட்டுச் சபை இந்த வழக்கில் பலமுறை தோற்றிருக்கிறது. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் தொடங்கிய பணியில் நம் மக்கள் தொடக்கத்திலேயே சேர்ந்தனர். ஆயினும் ஆலயத்தில் இருக்கைகள் பிரிந்தன. சில சபைகளில் திருவிருந்துக்கு இரண்டு பாத்திரங்கள் இருந்தன. பாத்திரம் ஒன்றாக இருந்த இடத்தில் முதலில் பருகுவோர் யார் என்ற வரிசை இருந்தது. 1733இல் வேளாளர் குடியில் பிறந்த ஆரோன் குருப்பட்டம் பெற்றார். தஞ்சை மன்னர் படையில் இருந்து, பின் உபதேசியாராகி, தஞ்சைச் சீமையில் சபைகளைக் கட்டியெழுப்பியவர் இராசநாயக்கன். அவர் நம்மவர். அவருடைய பக்தியிலோ அறிவிலோ குறை காணாதவர்களே, உயர்ந்தோர் எனப்பட்டவர்கள் அவர் கையிலிருந்து திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்று அஞ்சி, அவருக்குப் பட்டம் கொடாமல் விட்டனர். தகுதி பாராத கொடையைப் பரிமாறும் கைக்குச் சாதித் தகுதி பார்த்தார்கள்! 1833இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். சமமாக உட்காரச் சொன்னதற்காகவே தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினர்.

இவை பழங்கதை என்று தள்ளுவாரும் உண்டு. 2008ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டமாக அன்றிருந்த பகுதியில், எறையூரில், ஒரே மதத்தைச் சேர்ந்த இரு பிரிவினரிடையே மூண்ட மோதலில் காவல்துறை சுட்டு இருவர் மாண்டது எந்த நூற்றாண்டு? அரசின் கணக்கு வேறு வகை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் அப்போதும் சேர்க்கப்படவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று சட்டம் நம்பியது. சட்டத்திற்கு இருந்த அந்த நம்பிக்கை சபைக்கு இருந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

இதுவரை பிறர் செய்த கொடுமையைச் சொன்னேன், நீங்களும் தலையசைத்தீர்கள். இனி நம்மைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது.

நம் சபையில் ஆண்டுதோறும் அசனப் பண்டிகை நடக்கிறது. தென்மாவட்டத்துத் திருச்சபைகளின் நல்ல மரபு இது. வீட்டுக்கு வீடு அரிசியும் பருப்பும் தேங்காயும் வரும். ஆட்டுக்கிடாய் காணிக்கையாக வரும். இரவெல்லாம் ஆலய வளாகத்தில் அடுப்பெரியும். மறுநாள் எல்லாரும் ஒரே பந்தியில் அமர்வோம். இதைவிடக் கொரிந்தியருக்குச் சிறந்த மறுமொழி உண்டா என்று நான் பெருமையோடு எண்ணியதுண்டு. ஆனால் காய் நறுக்கவும் சோறு வடிக்கவும் எழுதுகிற பெயர்ப்பட்டியலைப் பாருங்கள். நகராட்சித் துப்புரவுப் பணியாளர் குடியிருப்பிலிருந்து நம் சபைக்கு வருகிற குடும்பங்களில் ஒன்றின் பெயரும் அதில் இல்லை. அவர்கள் கொடுக்கும் அரிசி அண்டாவில் விழுகிறது. அவர்கள் கை அகப்பையில் படுவதில்லை. யாரும் தடுக்கவில்லை, அவர்களே முன்வருவதில்லை என்று பதில் சொல்லப்படுகிறது. நம் பாட்டன்மாரைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் சொன்ன அதே பதில்! 2009இல் தமிழ்நாடு அரசு, பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டிற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு செய்தபொழுதும், 2024இல் உச்ச நீதிமன்றம் உள்ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தபொழுதும், நம் தெருத் திண்ணைகளில் எழுந்த முணுமுணுப்பையும் நான் கேட்டேன். கிருபையால் மேலே வந்தோம் என்று சாட்சி சொல்லுகிறவர்கள், நமக்குக் கீழே ஒருவர் இருக்கவேண்டும் என்று விரும்புவது எப்படி?

அடுத்தது விண்ணப்பப் படிவம். மாணவர் உதவி கோரும் படிவத்தில், தந்தை பெயர், மதிப்பெண், வருமானம் இவற்றிற்குப் பின், "சபைச் சங்கக் காணிக்கைப் பாக்கி இல்லை என்பதற்குப் போதகர் சான்று" என்று ஒரு வரி இருக்கிறது. இதை வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு வைக்கவில்லை. ஆலய மின்கட்டணமும் உபதேசியார் சம்பளமும் காணிக்கையால்தான் நடக்கின்றன என்பதைப் பொருளாளர் பலமுறை எடுத்துச்சொல்லியிருக்கிறார், அது உண்மை. ஆனால் பாக்கி வைப்பவர் யார்? பீடி சுற்றுகிற விதவைத் தாயும், செங்கற்சூளைக்குக் குடும்பத்தோடு போய் ஆறு மாதம் ஊரில் இல்லாதவரும்தான். மாதச் சம்பளக்காரர் பாக்கி வைப்பதில்லை. ஆகவே உதவி மிகுதியும் தேவைப்படுகிற பிள்ளையை முதலில் வடிகட்டிவிடுகிற வரி அது. அந்தச் சான்றைக் கேட்கக் கூசி, விண்ணப்பத்தையே கொடாமல் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளும் உண்டு.

காணிக்கை கூடாது என்று நான் சொல்லவில்லை. எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் ஊர் ஊராகப் பணம் திரட்டினார். அந்தப் பண உதவிக்கு அவர் வைத்த பெயரும் அதே காரிஸ் தான். தமிழில் அவ்விடத்தில் வேறு சொல் வருவதால் நமக்கு அது புலப்படுவதில்லை. மிகுந்த தரித்திரத்தில் இருந்த மக்கெதோனியா சபையார் வருந்திக் கேட்டுக் கொடுத்தார்கள் என்று அவர் எழுதுகிறார். அவர்களிடம் பாக்கிச் சீட்டு யாரும் நீட்டவில்லை.

நிபந்தனை இல்லாவிட்டால் பிள்ளைகள் நன்றி மறப்பார்கள் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இச்சங்கத்தில் படித்து வேலைக்குப் போன இளைஞர் சிலர் இன்று மாலைநேர வகுப்பு நடத்துகிறார்கள். எந்தப் பத்திரத்திலும் அவர்கள் கையெழுத்திட்டவர்கள் அல்லர். நன்றியை இச்சங்கத்தின் அலுவலகத்தில் வந்து செலுத்தவேண்டாம், தரையில் உட்கார்ந்து கூட்டல் கழித்தல் படிக்கும் பிள்ளையிடம் செலுத்துங்கள் என்று அவர்களிடம் சொல்லியிருந்தோம், அதன்படி நடக்கிறார்கள். நகரத்திற்குப் போய்ப் பிறந்த தெருவின் பெயரைச் சொல்லாமல் மறைக்கிற நம் இளைஞரைக் கண்டு நான் கோபப்படுவதில்லை. வாடகை வீடு தேடும்பொழுது கேட்கப்படும் கேள்விகளை நானும் அறிவேன். ஆயினும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர்களும் அந்த வகுப்பிற்கு வரலாம்.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பொதுக்குழு கூடுகிறது. படிவத்தின் அந்த வரியை நீக்கவும், வருகிற அசனத்தின் சமையல் பட்டியலைக் குலுக்கல் முறையில் எழுதவும் இரண்டு தீர்மானங்களை எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிபவரின் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. உறுப்பினரான இளைஞர் எவரும் சாப்பாட்டு இடைவேளையில் வந்து கையெழுத்திடலாம்.