இசைவும் இணக்கமும்

ஆங்கிலத்தில் 'அக்ரி' என்பது மிக எளிய சொல். பள்ளிச் சிறுவனும் அதன் பொருளைக் கூறிவிடுவான். ஆயினும் அதற்குச் சுற்றத்தார் பலர். 'கன்ஸென்ட்', 'அஸ்ஸென்ட்', 'கன்கர்', 'அப்ரூவ்', 'அக்ஸெப்ட்', 'கம்ப்ளை', 'அக்வியெஸ்' என்று ஒரு பெருங்குடும்பமே அதனைச் சூழ்ந்து நிற்கிறது. அகராதியைப் புரட்டினால் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகத் தந்திருப்பார்கள். அந்த மற்றொன்றைத் தேடிச் சென்றால் அது நம்மைப் பழைய சொல்லிடமே திருப்பி அனுப்பும். அரசாங்க ஏடுகளை மொழிபெயர்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது அன்றாட அனுபவம். இவை யாவற்றையும் 'சம்மதம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாமே என்று தோன்றுவதும் உண்டு. அவ்வாறு போய்விட இயலாமைக்குக் காரணம் என்ன என்பதையே நேயர்களுடன் சேர்ந்து இன்று சிந்திக்க விரும்புகிறோம்.

இச்சொற்களிற் பெரும்பாலானவை இலத்தீனிலிருந்து வந்தவை. 'கன்ஸென்ட்' என்பதன் வேர்ப்பொருள் உடன் உணர்தல். 'கன்கர்' என்பதற்கு உடன் ஓடுதல். 'அப்ரூவ்' என்பதில் சோதித்து நன்றெனக் காணுதல் என்னும் கருத்து அடங்கியிருக்கிறது. ஆகவே அது மேலிடத்திலிருப்பவருக்கே உரியது. எழுத்தர் வகுத்த திட்டத்தை அதிகாரி 'அப்ரூவ்' செய்யலாம்; அதிகாரியின் திட்டத்தை எழுத்தர் 'அப்ரூவ்' செய்தார் என்று எழுதினால் அலுவலகமே சிரிக்கும். 'அக்வியெஸ்' என்பதோ ஓய்ந்திருத்தல். உள்ளம் ஒப்பாவிடினும் வாய் திறவாது இருந்துவிடுவதை அது குறிக்கும். வேர்ச்சொல்லைக் கொண்டே இன்றைய பொருளை நிறுவிவிட முடியாது என்று மொழிநூலார் எச்சரிப்பர். அது உண்மையே. எனினும் இக்குடும்பத்தைப் பொறுத்தமட்டில், பழைய வேர் இன்னும் பசுமையாகவே இருக்கிறது.

ஓய்ந்திருப்பது உடன்படுவது ஆகுமா? மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது நம் நாட்டு வழக்கு. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டில் ஒரு குதிரையின் காரணமாக இக்கேள்வி நீதிமன்றம் ஏறியது. பெல்ட்ஹவுஸ் என்பவர் தம் அண்ணன் அல்லது தம்பி மகனிடமிருந்து ஒரு குதிரையை வாங்க விரும்பினார். விலை 30 பவுன் என்று இவர் எண்ணினார். 30 கினி என்று அவன் எண்ணினான். பெரியவர் வித்தியாசத்தைச் சரிபாதியாக்கி, 30 பவுன் 15 ஷில்லிங் தருவதாகவும், மறுமொழி வராவிட்டால் குதிரை தம்முடையதென்றே கொள்வதாகவும் கடிதம் எழுதினார். பையன் பதில் எழுதவில்லை. ஆனால் தன் பொருள்களை ஏலத்தில் விற்றபோது, அந்தக் குதிரையை விற்க வேண்டாம் என்று மட்டும் ஏலக்காரரிடம் சொல்லிவைத்தான். ஏலக்காரர் தவறுதலாக அதையும் விற்றுவிட்டார். குதிரை என்னுடையது என்று பெரியவர் வழக்குத் தொடுத்துத் தோற்றார். பையனின் மனத்தில் விற்கும் எண்ணம் இருந்தது மெய்தான். ஆயினும் அவன் அதை அவரிடம் தெரிவிக்கவில்லை. பிறனுடைய மௌனத்திற்குப் பொருள் விதிக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். நம் பழமொழியைவிட அத்தீர்ப்பே நமக்கு நியாயமாகப் படுகிறது.

நம் நாட்டு ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டினது. 'கன்ஸென்ட்' என்றால் இருவரும் ஒரே பொருளைப் பற்றி ஒரே கருத்துக் கொண்டு உடன்படுவது என்று அது வரையறுக்கிறது. அடுத்த பிரிவிலேயே, அச்சுறுத்தல், தகாத செல்வாக்கு, வஞ்சகம், பொய்யான தகவல், பிழையான எண்ணம் ஆகியவற்றால் விளையாததே சுயேச்சையான இசைவு என்றும் கூறிவிடுகிறது. அச்சத்தினால் அடங்கிப்போவதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல் இருக்கிறது. அது 'ஸப்மிட்'. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்பதை நாடு பெரும் வேதனையுடன் உணர்ந்த காலம் ஒன்று உண்டு. காவல் நிலையத்தில் பழங்குடிப் பெண் ஒருத்திக்கு நேர்ந்த கொடுமை பற்றிய வழக்கில், உயர்நீதிமன்றம் அவள் செயலற்று அடங்கியதை இசைவென்று கொள்ள மறுத்தது. உச்சநீதிமன்றமோ 1978இல் அத்தீர்ப்பை மாற்றிக் குற்றம் சாட்டப்பட்ட காவலர்களை விடுவித்தது. மறு ஆண்டில் சட்டப் பேராசிரியர் நால்வர் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். இசைவு எனில் அடங்குதலும் அதிலுண்டு; ஆனால் அடங்குதல் யாவும் இசைவாகிவிடாது என்பது அவர்கள் வாதம். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு பெண் இசைந்தாள் என்று கொள்ளலாகாது என்ற விளக்கம் 2013இல் சேர்ந்தது. சொல்லின் சாயல் என்று நாம் இலேசாகப் பேசுவது, சிலருக்கு வாழ்வே ஆகிவிடுகிறது.

இக்குடும்பத்திற்கு அண்டை வீட்டுக்காரராக இன்னொரு சொல் இருக்கிறது: 'கன்ஸல்ட்'. கலந்து ஆலோசிப்பது என்பது அதன் பொருள். கேட்டுக்கொள்வது கடமை, கேட்டபடி நடப்பது கடமையன்று. நீதிபதிகளை நியமிக்கையில் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசித்தால் போதுமா, அவர் உடன்பாடும் வேண்டுமா என்ற விவாதம் 1949ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசியல் நிர்ணய சபையிலேயே எழுந்தது. உடன்பாடு வேண்டும் என்றால் ஒரு தனி மனிதருக்குத் தடையதிகாரம் தந்ததாகிவிடும் என்று டாக்டர் அம்பேத்கர் மறுத்துவிட்டார். கலந்தாலோசனை வேறு, உடன்பாடு வேறு என்றே உச்சநீதிமன்றம் 1981இல் தீர்ப்பளித்தது. 1993இல் தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை என்று கூறிற்று. சாசனத்தில் அச்சொல் மாறவேயில்லை. அதன் எடை மாறியது.

இவ்வேறுபாடு உயர்ந்த பதவிகளுக்கு மட்டும் உரியதன்று. பட்டியல் பகுதிகளில் நிலம் எடுக்குமுன் கிராம சபையையோ உரிய ஊராட்சியையோ கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுச் சட்டம். 2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டமோ, தனியார் நிறுவனத்திற்காக நிலம் எடுப்பதாயின் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் இசைவும், அரசும் தனியாரும் கூட்டாக நடத்தும் திட்டமாயின் 70 விழுக்காட்டினரின் இசைவும் முன்னதாகப் பெறவேண்டும் என்கிறது. முதற் சட்டத்திலுள்ள சொல்லை 'சம்மதம்' என்று பெயர்த்தால், இல்லாத உரிமையை இருப்பதாக ஊரார் நம்புவர். இரண்டாவதை 'ஆலோசனை' என்று பெயர்த்தால் இருக்கும் உரிமையையும் இழப்பர். ஒடிசாவின் நியமகிரி மலையில் சுரங்கம் தோண்டும் திட்டம் பற்றிய வழக்கில், மலைவாழ் மக்களின் கிராம சபைகளைக் கேட்டபின்பே முடிவு செய்யவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2013 ஏப்ரலில் ஆணையிட்டது. கூடிய 12 சபைகளும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய அமைச்சகம் அனுமதி மறுத்தது. டோங்கிரியா கோந்த் மக்கள் தம் மொழியிலே விடை கூறினார்கள் என்பது மொழிபெயர்ப்பாளரான நமக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

இனித் தமிழுக்கு வருவோம். நம்மிடம் சொற்பஞ்சம் இல்லை. 'இசைதல்' என்பதிலே மனம் பொருந்துதல் இருக்கிறது. பாட்டுக்கும் அதே பெயரன்றோ! 'இணங்குதல்' சற்று வேறு. வற்புறுத்தலுக்கு இணங்கினான் என்கிறோம். 'ஆணைக்கிணங்க' என்று கோப்புகளில் எழுதுகிறோம். பிறிதோர் விருப்பத்தின் முன் தன் விருப்பம் சற்றே வளைகிறது. ஆகையால் அது 'கம்ப்ளை' என்பதற்குப் பொருந்தும். அறுவைச் சிகிச்சைக்கு முன் நோயாளி கையெழுத்திடும் படிவத்தில் 'இணங்குகிறேன்' என்று போடுவது தகாது. 'இசைகிறேன்' என்பதே தகும். 'ஒப்புக்கொள்ளுதல்' இன்னும் சங்கடமானது. திருடன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். கடன்பட்டவன் கடனை ஒப்புக்கொள்கிறான். ஏதோ பிழையை ஏற்பது போன்ற நிழல் அதில் விழுகிறது.

கைப்பேசித் திரையின் அடியில் ஒரு சிறு பொத்தானுக்கு மேல் இந்தச் சொல்லே பலவிடத்தும் காணப்படுகிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023இல் இயற்றப்பட்ட சட்டம், இசைவு சுயேச்சையாகவும் ஐயத்திற்கிடமின்றியும் வெளிப்படையான ஒரு செயலாலும் தரப்பட வேண்டும் என்கிறது. இசைவு கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பும் மக்களுக்கு இருக்கவேண்டும் என்று அது விதிக்கிறது. தமிழ் அவற்றுள் ஒன்று. ஆகவே அப்பொத்தானின்மேல் எழுதவேண்டிய தமிழ்ச் சொல் எது என்ற கேள்வி இன்று நம் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 'இசைகிறேன்' என்பது நம் முடிவு. அதனருகே 'இசையவில்லை' என்று அதே அளவு எழுத்தில் மற்றொரு பொத்தானும் இருத்தல் வேண்டும்.