வண்டி இல்லையென்றால் பூங்கா இல்லையா?
(திருவொற்றியூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் குழுக்களைப் பார்க்கப் போனபோது நாங்கள் ஒரு கேள்வி கேட்டோம். "வேலை இல்லாமல், ஆஸ்பத்திரி இல்லாமல், கல்யாணம் காரியம் இல்லாமல், சும்மா பார்க்கிறதுக்காக எப்போ வெளியே போனீங்க?" பல பேர் சிரித்தார்கள். ஒரு அக்கா மட்டும், "நம்மகிட்ட ஏது வண்டி? அவர் பைக்ல கூட்டிட்டுப் போனாத்தான் உண்டு" என்றார். அதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்கா இருக்கிறது. சுமார் 20 ஏக்கர். 2010 நவம்பர் 24 அன்று திறந்தார்கள். தோட்டக்கலைத் துறை பராமரிக்கிறது. அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது தெரியுமா? 1962ல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல். கார் வைத்திருந்தவர்கள் காரில் உட்கார்ந்தபடியே டிபன் சாப்பிட்ட இடம். 2008ல் அது மூடப்பட்டது. ஒரு காலத்தில் காருக்குப் பேர்போன அந்த இடத்துக்கு இன்று ரயிலிலும் பஸ்ஸிலும் நாம் போகலாம்.

எப்படிப் போவது? மூன்று வழி சொல்கிறோம்.

ஒன்று, மெட்ரோ ரயில். 2021 பிப்ரவரியில் இது விம்கோ நகர் வரை வந்துவிட்டது. திருவொற்றியூரில் ஏறி, விமான நிலையம் போகிற ரயிலில் உட்கார்ந்தால் எங்கேயும் மாற வேண்டாம். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். நிலையத்தில் இறங்கி, ஜெமினி மேம்பாலம் பக்கம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடந்தால் பூங்கா. முட்டி வலி உள்ளவர்கள் லிப்டில் ஏறலாம், வெட்கப்பட வேண்டாம்.

இரண்டு, மின்சார ரயில். பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்துக் குழுக்களுக்கு இதுதான் வசதி, செலவும் குறைவு. சென்ட்ரலில் இறங்கி, அண்ணா சாலை வழியாகப் போகிற பஸ் பிடித்து ஜெமினியில் இறங்க வேண்டும்.

மூன்று, பஸ் மட்டும். 2021 மே மாதத்திலிருந்து அரசு சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நேரம் கூட ஆகும். ஏறும்போதே கண்டக்டரிடம் "சாதாரண பஸ்தானே?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது உண்மையைச் சொல்கிறோம். வழி தெரியாதது மட்டும் நம்மைத் தடுக்கவில்லை. ஒரு குழுவை நாங்கள் அழைத்துப் போனபோது, அறுபது வயது அம்மா ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "நம்மளை உள்ளே விடுவாங்களா?" என்றார். டிக்கெட்டைக் கையில் கொடுத்தோம். உள்ளே மரத்தடியில் உட்கார்ந்து வெகுநேரம் ஒன்றுமே பேசவில்லை. திரும்பும்போது, "இங்கே துணி காயப்போட்டா கரி படியாது இல்லே?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

லாரிப் புகையிலும் நிலக்கரித் தூசியிலும் வாழ்கிற நமக்குத்தான் அந்த நிழல் அதிகம் தேவை. நம் பக்கத்திலும் பூங்கா வேண்டும் என்று கேட்க வேண்டியதுதான், கேட்போம். ஆனால் ஏற்கெனவே இருக்கிற பூங்காவும் நம்முடையதுதான். நாம் போகவில்லை என்றால், அது நமக்கு இல்லை என்று நாமே முடிவு செய்ததாக ஆகும்.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு தேதி குறித்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். குழுச் சேமிப்பில் கை வைக்க வேண்டாம். வாரம் பத்து ரூபாய் தனியாக எடுத்து வைத்தால், போக வரவும் நுழைவுச்சீட்டுக்கும் சேர்ந்துவிடும். பூங்கா திறந்திருக்கிற நேரத்தை முன்கூட்டியே விசாரியுங்கள். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கிளம்பினால் பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்குள் வீடு திரும்பலாம்.

"எதுக்குப் போறே?" என்று வீட்டில் கேட்டால், "பார்க்கத்தான்" என்று சொல்லுங்கள். அது போதுமான காரணம்தான்.