செலவைக் குறைப்போம், உயிர்க்காப்பைக் குறைக்க வேண்டாம்

(மேல்சித்தாமூரில் உழவர் பெருமக்களிடையே ஆற்றிய உரை)



2024-ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நமக்கு அடுத்துள்ள மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. இத்தகைய இழப்புக்குப் பின் கையில் பணம் குறைகிறது. அப்போது உரத்தைக் குறைக்க மனம் வருவதில்லை. கூலியைக் குறைத்தால் ஆள் வருவதில்லை. ஆகவே தெளிப்பானின் ஒழுகும் வாஷர், கையுறை, மோட்டாரின் எர்த் கம்பி ஆகியவைதான் ‘அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒதுக்கப்படுகின்றன. அவற்றுக்கு ஆகும் தொகையோ சிறிது; அவற்றால் நேரும் இழப்போ குடும்பத்தையே சாய்த்துவிடும்.

யவத்மாள் தரும் பாடம்

2017-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் இருபது பேர் அளவில் நஞ்சேறி இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பலர் கூலிக்குத் தெளித்தவர்கள். மருந்து வாய் வழியாக மட்டுமே உடலுக்குள் போகும் என்று நினைப்பது தவறு. முதுகில் ஒழுகும் மருந்து தோல் வழியாகவும், சாரல் மூச்சு வழியாகவும் உட்செல்லும்.

எங்கே செலவைக் குறைக்கலாம்?

தேவையற்ற தெளிப்பைக் குறையுங்கள். அதில் பணமும் மிஞ்சும், உடலும் நலம் பெறும். மானாவாரி நிலக்கடலையில் சிவப்புக் கம்பளிப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மழைக்குப் பின் அந்திப் பூச்சிகள் வெளிவரும்போது விளக்குப் பொறியோ, தீ மூட்டமோ வைத்து அழிக்கலாம். முட்டைக் குவியல்களையும் இளம் புழுக்கள் மொய்த்த இலைகளையும் கிள்ளி அழிக்கலாம். வயலைச் சுற்றி ஓர் அடி ஆழத்தில் செங்குத்தான பள்ளம் எடுத்தால் வளர்ந்த புழுக்கள் அடுத்த வயலுக்குப் போகா. ஊரார் ஒரே சமயத்தில் செய்தால் பயன் கூடும். நெல்லிலும் தூர்களில் நூற்றுக்குப் பத்து வீதம் குருத்துக் காய்ந்தால்தான் தண்டுத் துளைப்பானுக்கு மருந்து தேவை. பக்கத்து வயலில் தெளித்தார்கள் என்பதற்காகத் தெளிக்க வேண்டாம்.

எதைக் குறைக்கக் கூடாது?

1. மருந்து டப்பாவின் சாய்சதுரத்தில் கீழ்ப்பாதியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் கொடியது, நீலம் நடுத்தரம், பச்சை குறைவு. குறைந்த நிறத்தில் பயன் தருவது இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.
2. தெளிப்பானில் முதலில் வெறும் நீரை ஊற்றி ஒழுக்குப் பாருங்கள்.
3. மருந்தைக் கையால் கலக்காமல் குச்சியால் கலக்குங்கள். அடைத்த நாசிலை வாயால் ஊதாதீர்கள்.
4. கையுறை, முழுக்கைச் சட்டை, முகத்தில் துணி ஆகியவை இன்றித் தெளிக்க வேண்டாம். காலையிலோ மாலையிலோ, காற்றின் போக்கிலேயே தெளியுங்கள்.
5. தெளித்தவுடன் சோப்பிட்டுக் குளித்து, துணியைத் தனியே துவையுங்கள். அதற்குமுன் பீடி, வெற்றிலை, உணவு எதுவும் கூடாது.
6. காலி டப்பாவை நசுக்கிப் புதையுங்கள். அதில் குடிநீரோ எண்ணெயோ வைக்க வேண்டாம்.

கூலியாளும் நம் பொறுப்பே

டேங்குக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் ஆள் விரைவாக முடிக்கவே பார்ப்பார். வெயிலையும் காற்றையும் பார்க்க மாட்டார். நாள் கூலியாகப் பேசுங்கள். கையுறையையும் சோப்பையும் நீங்களே கொடுங்கள்.

தெளித்தவருக்குத் தலைசுற்றல், வாந்தி, மிகுந்த வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், பார்வை மங்கல் கண்டால் உடனே நிறுத்துங்கள். ஆடையைக் களைந்து சோப்பு நீரால் கழுவி, 108-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவையும் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்; எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் தக்க மாற்று மருந்தைத் தர இயலும்.

தமிழ்ச் சமணர்களின் மடம் அமைந்த இந்த ஊரில் கொல்லாமையைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பயிரைக் காக்கும் கையும் ஓர் உயிருக்கு உரியது என்பதை மட்டும் நினைவூட்டி, விடைபெறுகிறேன்.