முட்டி வலிக்கு முன்பே பாலிசி
(சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் அல்ல. பி.எஸ்ஸி. படித்துவிட்டு முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் பைல் பார்த்தவன். முழங்கால் மாற்று ஆபரேஷனுக்கான இன்ஷூரன்ஸ் விஷயத்தில் நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

மாதுங்காவில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி எங்கள் அகம். 2016-இல் என் மனைவிக்கு முட்டி வலி வந்தது. மூட்டுத் தேய்மானம் என்றார் டாக்டர். 2017 ஆரம்பத்தில் பாலிசி எடுத்தேன். படிவத்தை நிரப்பிய ஏஜெண்ட், முன்பே உள்ள வியாதி என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினார். ஆபீசில் தப்பான காகிதத்தில் ஒருநாளும் கையெழுத்துப் போடாத நான், அதைப் படித்துவிட்டுப் பேசாமல் போட்டேன்.

காத்திருப்புக் காலம் நாலு வருஷம். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள். 2021 டிசம்பரில் ஆபரேஷன். "எத்தனை நாளாக வலி?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். "அஞ்சு வருஷமா" என்று அவள் உண்மையைச் சொன்னாள். அது கேஸ் ஷீட்டில் ஏறியது. க்ளெய்ம் நிராகரிப்பு, பாலிசியும் ரத்து. டெபாசிட்டை உடைத்துப் பணம் கட்டினேன்.

அவள் கேட்டது ஒன்றுதான்: "உள்ளதை எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும்?" ஒருவேளை பிரீமியம் கூடியிருக்கும். காத்த நாலு வருஷம் வீணாகியிருக்காது.

ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டியவை:

1. முன்பே உள்ள வியாதிக்கும், மூட்டு மாற்று போன்ற குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கும் காத்திருப்பு 36 மாதத்துக்கு மேல் கூடாது என்று 2024-இல் விதி வந்தது. முன்பு 48 மாதம். மூட்டு மாற்றுக்கான காத்திருப்பு, விபத்தில் அடிபட்டால் பொருந்தாது. கம்பெனி மாறினால், போர்ட்டிங் முறையில் மாறுங்கள். கழிந்த காலம் கணக்கில் வரும்.

2. அறை வாடகை வரம்பைப் பாருங்கள். 5,000 ரூபாய் வரம்புள்ளவர் 10,000 ரூபாய் அறை எடுத்தால், பல பாலிசிகளில் டாக்டர் பீஸ், தியேட்டர் கட்டணம் முதலியவற்றிலும் பாதிதான் கிடைக்கும். மருந்து, பரிசோதனை, செயற்கை மூட்டு ஆகியவற்றுக்கு அந்த வெட்டு கூடாது.

3. செயற்கை முழங்காலுக்கு அரசு 2017 ஆகஸ்டில் உச்ச விலை நிர்ணயித்தது. பில்லில் அதைத் தனியே காட்டச் சொல்லுங்கள்.

4. எழுபது நிறைந்தவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் ஆயுஷ்மான் அட்டை உண்டு. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம்; வருமான வரம்பு இல்லை, காத்திருப்பும் இல்லை. நீங்கள் போகும் ஆஸ்பத்திரியில் அந்த அட்டைக்கு முழங்கால் மாற்று செய்வார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

இங்கே வந்திருக்கும் ஐம்பது வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டி நன்றாக இருக்கும்போதே பாலிசி எடுங்கள். படிவத்தை உங்கள் கையால் நிரப்புங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, வலி எதுவானாலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

என் மனைவி இன்று மூன்று மாடியும் தானே ஏறுகிறாள். அந்தப் படிவத்தின் நகல் மட்டும் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.