கோவணமும் பரிவட்டமும்

(வில்லியனூர் திருக்காமீசுவரர் திருக்கோயில் வைகாசிப் பெருவிழாவில் ஆற்றிய உரை)



கோகிலாம்பிகை உடனுறை திருக்காமீசுவரப் பெருமானுடைய சந்நிதியில், தேருக்கு முந்திய இம்மாலைப் பொழுதில், ஆடையைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்துள்ளார்கள். சமயச் சொற்பொழிவில் ஆடைக்கு என்ன இடம் என்று நீங்கள் வியக்கக்கூடும். அபிடேகத்துக்கு முன் ஆடை களைவதும், முடிந்தபின் புதிய ஆடை சாத்துவதும் நாள்தோறும் நம் கண்முன் நிகழ்கின்றன. பட்டு இல்லாமல் திருமணமில்லை. கோடி இல்லாமல் இறுதிச் சடங்குமில்லை. ஆகவே பேசத் தகுந்த பொருள்தான்.

முதலில் பெருமானுடைய உடையைப் பாருங்கள். தாருகாவனத்து முனிவர்கள் ஏவிய புலியைக் கொன்று அதன் தோலை அரையில் உடுத்தான். யானையை உரித்து அவ்வுரியைப் போர்த்தான். மாதொரு பாகனாக நிற்கும்போது வலப்பாதியில் தோல், இடப்பாதியில் துகில். தோலும் துகிலும் ஒரே இடையில் சேர்ந்து விளங்குகின்றன. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்ற பேச்சு அங்கே எழவில்லை.

அவனே கோவணம் கட்டியும் வந்தான். அமர்நீதி நாயனார் வரலாறு நீங்கள் அறிந்ததே. பழையாறையில் வாழ்ந்த வணிகர் அவர். அடியார்களுக்கு அமுதும், கந்தையும், கீளும், கோவணமும் வழங்குவதைத் தம் தொண்டாகக் கொண்டவர். திருநல்லூர்த் திருவிழாவைக் காணச் சென்று, அங்கே மடம் அமைத்துத் தங்கியிருந்தார். தண்டில் இரண்டு கோவணங்களைக் கட்டிக்கொண்டு ஒரு பிரமசாரி அம்மடத்துக்கு வந்தான். ஒன்றைக் காத்துத் தருக என்று கொடுத்துவிட்டு நீராடச் சென்றான். திரும்பி வந்து கேட்டபோது கொடுத்த கோவணம் மறைந்துபோயிருந்தது. தண்டில் எஞ்சியிருந்த மற்றதற்கு எடை ஒத்த கோவணம் ஒன்று கொடு, போதும் என்றான் வந்தவன். தராசு வந்தது. நாயனார் ஒரு கோவணம் வைத்தார், தட்டு எழவில்லை. தம்மிடமிருந்த ஆடைகளையெல்லாம் வைத்தார். பட்டை வைத்தார், நூற்பொதியை வைத்தார், பொன்னை வைத்தார். எதற்கும் அது ஒத்து நிற்கவில்லை. இறுதியில் மனைவியோடும் மகனோடும் தாமே தட்டில் ஏறினார். அப்போதுதான் தராசு நேர் நின்றது.

இவ்வரலாற்றைத் தன்னைக் கொடுத்தலின் பெருமை என்றே எல்லோரும் விரித்துரைப்பர். யாமும் பலகாலம் அவ்வாறே உரைத்தோம். இன்று மற்றொன்றும் தோன்றுகிறது. வாணிகம் செய்தவர் முதலில் நம்பியது துணியைத்தான். துணிக்குத் துணியே ஈடு என்று எண்ணினார். அந்த எண்ணம் அந்தத் தட்டில் தோற்றது.

கம்பிலியில் பிறந்த நேச நாயனாரோ தறியிலேயே தொண்டு செய்தவர். நாவில் ஐந்தெழுத்து, கையில் நாடா. நெய்த ஆடையும் கீளும் கோவணமும் அடியார்களுக்கே. நெய்தவரை நாயன்மார் வரிசையில் வைத்து வணங்கும் சமயம் நம்முடையது. இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்த மண் நெசவு மண்.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது செங்கல் தொட்டிகள் வெளிப்பட்டன. அவை துணிக்குச் சாயமேற்றும் தொட்டிகள் என்று அவர் கருதினார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே அவுரி நீலம் தோய்ந்த துணி கடல் கடந்து ஆப்பிரிக்காவிலுள்ள செனகல் வரை சென்றது. கினே என்று பெயர் பெற்ற அந்த நீலத்துணியை அந்த ஆற்றங்கரை மக்கள் காசைப்போல ஏற்றுக்கொண்டு கருவேலம் பிசினைத் தந்தார்கள். நம் ஊர்த் தறியில் ஓடிய இழை எவருடைய தோளிலோ, முன்பின் அறியாத நாட்டில், திருநாள் உடையாகக் கிடந்திருக்கிறது!

தறி ஆலையாயிற்று. 1936ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் சவானா ஆலைத் தொழிலாளர் தம் உரிமை கேட்டு நின்றபோது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து பன்னிருவர் மாண்டனர். எட்டு மணி நேர வேலைக்கு அடுத்த ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. 1898இல் தோன்றிய ரோடியர் ஆலை, பின்னாளில் ஏ.எஃப்.டி. என்று பெயர் பெற்றது, 2020இல் மூடப்பட்டது. நாம் உடுத்தும் வேட்டிக்குப் பின்னால் இத்தனை பேருடைய உயிரும் உழைப்பும் இருக்கின்றன.

இனி, மரியாதை. 1873இல் புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியர் அணியும் காலணியோடு நீதிமன்றத்துள் புகுந்தார். அது இந்தியருக்கு ஆகாது என்று தடுத்தார்கள். அவர் பாரீசிலுள்ள உயர் நீதிமன்றம் வரை முறையிட்டு வென்றார். நாம் கோயில் வாயிலில் காலணியைக் கழற்றுகிறோம். மேலாடையை இடுப்பில் கட்டிக்கொள்கிறோம். நம்மை யாரும் இழிவு செய்ததாக நினைப்பதில்லை. பிறர் கட்டளையால் களைந்தால் அது அவமதிப்பு. அன்பினால் தாமே களைந்தால் அது வழிபாடு. பொன்னுத்தம்பிப் பிள்ளை செய்ததும் நாம் செய்வதும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல என்பதே எம் துணிபு.

ஆனால் களைந்த மானத்தை மீண்டும் தலையில் கட்டிக்கொள்ள விரும்புகிறோமே, அதுதான் இடர். பரிவட்டம் என்பது யாது? பெருமானுக்குச் சாத்திக் களைந்த துணி. தைக்காத, வெட்டாத ஒரு முழு நெசவு. அது நிர்மாலியம், நம் தலையில் ஏறும்போது அருள். அதை யார் முதலில் பெறுவது என்று ஊர் இரண்டாகிறது! பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இரண்டு வீட்டார் இதற்காக வாதிட, உற்சவமூர்த்தி வெயிலில் வாயிலிலேயே நின்றதை யாமே கண்டோம்.

பிறரைச் சொல்லி என்ன பயன்? எம் வரலாற்றையும் சொல்லிவிடுகிறோம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஓரூர்த் திருவிழாவில் அமர்நீதியார் புராணம் சொல்ல யாம் சென்றிருந்தோம். உரைக்கு முன்னர் ஊர்ப் பெரியவர்கள் அனைவருக்கும் பரிவட்டம் கட்டினார்கள்; எமக்குக் கட்ட மறந்துவிட்டார்கள். நாயனார் தராசில் ஏறும் இடத்தைச் சொல்லும்போதுகூட எம் நெஞ்சு அந்தத் துணியிலேயே கிடந்தது. உரை முடிந்தபின் முதியவர் ஒருவர் அருகில் வந்தார். காதில் கடுக்கன், கைவிரல்களில் சாயம் ஏறியிருந்தது.

“சாமி, தங்கள் முகத்தில் ஏதோ வருத்தம் தெரிகிறதே?” என்றார்.

“ஒன்றுமில்லை ஐயா” என்றோம்.

“பரிவட்டம் கட்டவில்லை என்றுதானே? இன்று கட்டிய துணி அத்தனையும் என் தறியில் நெய்தவை, சாமி. எனக்கு ஒருநாளும் கட்டியதில்லை. நானும் கேட்டதில்லை. சுவாமி மேலே சாத்துகிறார்களே, அது போதும் என்று இருந்துவிட்டேன்.”

கடிந்து சொன்னதாகவே இல்லை. ஆறுதல் சொல்லவே வந்தார். அன்று இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. புராணம் சொன்னவர் யாம். புராணமாக நின்றவர் அவர். மறுநாள் அவரைத் தேடிச் சென்றபோது தறியில் அமர்ந்திருந்தார். எம்மைக் கண்டதும் எழுந்து நிற்க முயன்றார். யாம் அந்தத் தறிக்குழியின் ஓரத்தில் தரையிலேயே அமர்ந்துவிட்டோம்.

நாளைக் காலையில் திருத்தேர் நிலையிலிருந்து புறப்படும். பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்த வழக்கம் தொடர்ந்து, இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடிப்பது இவ்வூர் மரபு. வடம் பற்றும் ஆயிரம் கைகளுக்கு முன்னும் பின்னும் என்று பேதமில்லை. பரிவட்டத்தைப் பற்றி மட்டும் இப்போதே சிற்சில பேச்சுகள் எழுந்திருப்பது எம் காதுக்கும் எட்டியது.

சொற்பொழிவாளர் என்ற முறையில் எமக்கு வைத்திருக்கும் பரிவட்டத்தை, இவ்வட்டாரத்தில் இன்றும் தறியில் அமரும் பெரியவர் ஒருவருக்குக் கட்டுமாறு குருக்களிடம் மாலையிலேயே விண்ணப்பித்துவிட்டோம். அவரும் மனமுவந்து இசைந்துவிட்டார். பெரியவர் அதோ இரண்டாம் தூணருகே அமர்ந்திருக்கிறார். கூச்சத்தால் எழ மறுக்கிறார். பக்கத்திலிருப்பவர்கள் கைகொடுத்து அழைத்து வாருங்கள். தீபாராதனைக்கு மணி அடிக்கிறது.

திருச்சிற்றம்பலம்.